சிவப்புக் கொக்கு

எங்கள் பகுதிக்கு லோகோ வரைந்து கொடுத்தது நான்தான். அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் அடுக்ககத்தில் குடியிருக்கிறேன். பிழைப்பும் இதுதான், கம்பெனிகளுக்கு லோகோ போடுவது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கேட்டார், சும்மாவே செய்து கொடுத்தேன். ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு, அதன் கீழே அலை மாதிரி ஒரு கோடு.

கூடவே ஒரே ஒரு நிபந்தனை. தெருப் பலகை, பூங்கா, குப்பை வண்டி எல்லாவற்றிலும் கொக்கு நீலம். ஏரியில் மண் அள்ளிய பள்ளம் இருக்கும் கரையில் மட்டும் சிவப்பு. சிவப்புக் கொக்கைக் கண்டால் அங்கே இறங்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டுமே என்றுதான் மண்டையை உடைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவுக்கு எழுத்து தெரியாது. அந்தக் கரையோரம்தான் பொன்னாங்கண்ணிக் கீரை பறிக்கப் போவார். அவரிடம்தான் முதலில் காட்டினேன்.

"செவப்புக் கொக்கு நின்னா நா அந்தாண்ட போவக் கூடாது, அதானேம்மா?" என்றார். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார்.

பொங்கல் விழா வந்தது. தெருமுனையில் பேனர். மஞ்சள் பின்னணியில் என் கொக்கு செக்கச்செவேலென்று நிற்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

"நல்ல நாளும் அதுவுமா நீலம் எதுக்கும்மா, டல்லடிக்குது. சிவப்பும் மஞ்சளும்தான் மங்களகரம்."

"சிவப்புன்னா பள்ளம்னு நாமதானே சார் சொன்னோம்?"

"அது ஏரிக்கரையில. இது தெருமுனை. ஒரு கலருக்குப் போய் இவ்வளவு கோபமா?"

பாடி ஏரியாவில் பேனர் அடித்த கடைக்காரரிடமும் போய்ச் சண்டை போட்டேன். "நா இன்னா பண்றது மேடம்? அவங்க செவப்பு கேட்டாங்கோ, அட்ச்சி குட்த்தேன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அதற்கப்புறம் கேட்பாரே இல்லை. பிரியாணிக் கடை வாசலில் சிவப்புக் கொக்கு. காதுகுத்து பேனரில் சிவப்புக் கொக்கு. கோலப் போட்டிக்குக் கொடுத்த எவர்சில்வர் டப்பாவில்கூட அதே சனியன். நம்ம ஏரியாவுக்கு நல்ல விளம்பரம் என்று வாட்ஸ்அப் குழுவில் பூச்செண்டு போட்டுக்கொண்டார்கள். வேண்டாம், வேண்டாம் என்று எழுதி எழுதி எனக்கு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். "மேடத்துக்கு அவங்க வரைஞ்ச கொக்கு மேல ரொம்பப் பாசம்" என்று ஒருவர் நக்கலடித்தார். மங்களகரம், மங்களகரம் என்றே என் நிபந்தனைக்கு மங்களம் பாடிவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மழைக்காலத்தில் ஒரு நாள் அக்கா வேலைக்கு வரவில்லை. கீரை பறிக்க இறங்கியவர் பள்ளத்தில் மூழ்கிவிட்டார். தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். செயலாளரும் சாத்துக்குடியோடு வந்திருந்தார். சங்கத்தின் துணிப்பை. அதிலும் சிவப்புக் கொக்கு.

"பலகை இருக்கே, பார்க்காம இறங்கிட்டியாம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாத்தேன் சார். செவப்புக் கொக்கு நின்னுகினு இருந்திச்சு. அங்கயும் இன்னாவோ விசேசம் போலன்னு நெனச்சேன்."