நைனா குடித்ததில்லை

எங்கள் நைனா நாராயணவனத்தை அடுத்த சிற்றூரில், மாந்தோப்பு வைத்திருந்த குடும்பத்தில் மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். பள்ளியில் தெலுங்கு படித்தார். தமிழை எழுத்துக்கூட்டித் தாமாகவே கற்றார். இளம் வயதில் தந்தையை இழந்து, தங்கைகள் இருவரையும் கட்டிக்கொடுத்த பிறகே தமக்குத் திருமணம் செய்துகொண்டார். இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் மூத்த மகளான நான் இதை எழுதுகிறேன்.

அறுபதைத் தாண்டியதும் நைனா பகலில் தூங்கத் தொடங்கினார். மாங்காய் மண்டியில் ஏலம் நடக்கும்போதே தூங்குவார். புத்தூரில் இறங்க வேண்டியவர் திருப்பதியில் இறங்குவார். பி.பி. மாத்திரை ஒன்று இரண்டாகி, மூன்றாகியும் பி.பி. இறங்கவில்லை. என் தங்கையை நிச்சயம் செய்யச் சித்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்த அன்று, தாம்பூலத் தட்டைக் கையில் வாங்கியவர் அப்படியே தலை சாய்ந்துவிட்டார். வெற்றிலையும் தேங்காயும் சம்பந்தியின் மடியில் உருண்டன.

"காலையிலியே தண்ணி போட்டுக்கினு வந்துட்டாரு போல" என்று அவர்கள் பக்கம் யாரோ சொன்னார்கள். சம்பந்தம் நின்றுபோனது. அந்தப் பேச்சு மட்டும் நிற்காமல் நம் உறவுக்குள் வீடு வீடாகப் போனது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சிலரும் அதைப் பரப்பியவர்கள்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானே பாதி நம்பினேன்.

பி.பி.க்காகத் திருப்பதியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் நைனாவை விட்டுவிட்டு எங்கள் அம்மாவைக் கேட்டார். "மீரு செப்பண்டி அம்மா, நீங்க சொல்லுங்க, இவருக்குத் தூக்கம் எப்படி?"

"அதுக்கென்ன கொறை? தெருவுக்கே கேக்கிற மாதிரி குறட்டை வுட்டுக்கினு தூங்குவாரு" என்றார் அம்மா பெருமையாக. "நடுநடுவுல சத்தம் நின்னுபூடும். அப்பத்தான் நானும் கொஞ்சம் கண்ண மூடுவேன்."

"சத்தம் நிக்கறப்போ மூச்சும் நிக்குதும்மா."

பரிசோதனையில் அதுதான் தெரிந்தது. தூக்கத்தில் மூச்சு அடைபட்டு அடைபட்டு, பகலெல்லாம் கண் சொக்கியிருக்கிறது, பி.பி.யும் அதனால்தான் அடங்கவில்லையாம். வராந்தாவில் அம்மா அழுதார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். "குடி இல்லடி, வியாதிதான்!" என்றார், அழுகையோடு சிரிப்புமாக. எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள டாக்டரம்மா எழுதிக்கொடுத்த காற்று மெஷினை நைனா முதலில் பிள்ளையார் வேஷம் என்று கேலி செய்தார். பிறகு ஒரு நாளும் அதை விடவில்லை. பி.பி. கட்டுக்குள் வந்தது, மாத்திரையும் குறைந்தது. பாகாலாவில் நடந்த தங்கையின் திருமணத்தில் கடைசிப் பந்தி எழும்வரை நின்று உபசரித்தார். பக்கவாதம் வந்து படுத்துவிடுவாரோ என்று நாங்கள் பயந்த எதுவும் நடக்கவில்லை. சில நாள் காய்ச்சலுக்குப் பின், ஒரு பிற்பகலில், எங்களோடு பேசிக்கொண்டே அமைதியாக அடங்கினார்.

அந்த ஒரு கேள்வியைக் கேட்ட டாக்டரம்மாவுக்கும், கரண்ட் போகும்போதெல்லாம் மெஷினுக்காகத் தம் வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் நன்றி.

ஒன்றை மட்டும் நைனாவிடம் நேரிலேயே சொல்ல முடிந்தது என் பாக்கியம். நிச்சயம் நின்றுபோன அன்று, தலையணையைச் சரிசெய்யும் சாக்கில் குனிந்து, படுத்திருந்தவரின் வாயை மோந்து பார்த்தேன். இதைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"தெரியும்மா. நீ நல்லா மோந்து பாக்கட்டும்னுதான் வாயைத் தொறந்து வெச்சிக்கினு படுத்திருந்தேன்."