டால்பினும் இரண்டு செல்போன்களும்

நானும் என் வீட்டுக்காரரும் நாரணாபுரத்தில் ஒரே பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறோம். வெடிமருந்து பற்றிக்கொள்ளும் என்ற பயத்தில், வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். தீபாவளி சீசன் முடிந்ததும் காரில் மண்டபம் போய், பக்கத்துத் தீவு ஒன்றைச் சுற்றிக் காட்டும் படகில் ஏறினோம். கொஞ்ச தூரத்தில் இரண்டு டால்பின்கள் துள்ளின.

“சீக்கிரம் போட்டோ எடுங்க!”

சட்டைப்பையைத் தடவிப் பார்த்து அசடு வழிந்தார். “படகுத்துறையில டீசல் வாடை அடிச்சுச்சா... பழக்கத்துல போனைக் கார்லயே வச்சிட்டேன்.”

“நல்ல ஆளுதான் போங்க! நடுக்கடல்ல எந்த வெடி வெடிக்கப் போகுதாம்?” படகே சிரித்தது.

“சரி, நீ எடு.”

கைப்பையைத் துழாவினேன். என் போனையும் அணைத்துக் காருக்குள் வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

டால்பின்கள் இன்னும் துள்ளிக்கொண்டுதான் இருந்தன. அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.