என் தங்கைக்கு அடுத்த இடம்

எங்கள் சபையில் திருவிருந்தின் திராட்சரசத்துக்கு ஒரே ஒரு பாத்திரம்தான் இருந்தது. வெள்ளிப் பாத்திரம், உள்பக்கம் பொன்முலாம். மாதத்தின் முதல் ஞாயிறன்று பீடத்தின் முன்னாலிருக்கும் மரக் கிராதியோரம் நாங்கள் தோளோடு தோள் இடிக்க முழங்காலிடுவோம். போதகர் இடது கோடியில் தொடங்கி வலது கோடி வரை வருவார். ஒருவர் குடித்ததும் விளிம்பை வெள்ளைத் துணியால் துடைத்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி அடுத்தவரிடம் நீட்டுவார். ஒரு வரிசை எழுந்து போனதும் அடுத்த வரிசை வரும்.

அந்த வெள்ளைத் துணியைத் தைத்தவள் நான். நாலு பக்கமும் மடிப்பு ஒரே அகலம். மூலையில் ஒரு சிறு சிலுவை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தாலும் முடிச்சு தெரியாது. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்குத் தையல்தான் சோறு போட்டது. துணியைப் பற்றி எழுத வரவில்லை. கிராதியில் என் வலது தோளை ஒட்டி எப்போதும் முழங்காலிடும் என் தங்கையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அவளுடைய கணவர் சுவருக்கு வண்ணம் அடிப்பவர். மார்புநோய், அதாவது காசநோய் வந்து, நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் படுத்தார். தினமும் இரண்டு வேளை அவள் சாப்பாடு கொண்டுபோனாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். எட்டிப் பார்க்கக்கூட ஆள் கிடையாது. அவருக்கும் சேர்த்துக் கொண்டுபோனாள். கணவரை அடக்கம் பண்ணிய மறுநாள் காலையில், கண் வீங்கியபடியே அடுக்குப் பாத்திரத்தில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கிளம்பிட்டே?" என்றேன்.

"பக்கத்துக் கட்டில்காரருக்கு யாரு கொண்டுபோவாங்கக்கா?"

அப்படியே போய்க்கொண்டிருந்தாள். டிரைவர் குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் நிறுத்தவில்லை; அதற்குள் வேறு கட்டில்கள் அவளுக்குச் சொந்தமாகிவிட்டன. கடைசியில் தலைமை நர்ஸ் சொன்னார்: "தினமும்தான் வர்றீங்க. சம்பளத்தையும் வாங்கிட்டு வாங்களேன்." இப்படித்தான் என் தங்கை அந்த வார்டில் ஆயாம்மா ஆனாள்.

நோயாளிகள் ஒவ்வொருவருக்கும் சளி துப்ப மூடி போட்ட எனாமல் கிண்ணம் ஒன்று உண்டு. அதைக் கொட்டி, மருந்து நீரில் ஊறவைத்து, வெந்நீரில் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, அந்தந்தக் கட்டிலுக்கே திருப்பி வைப்பது அவள் வேலை. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு செய்வார்கள். இவள் பேசிக்கொண்டே செய்வாள். நோயாளிகள் அவளுக்குக் 'கிண்ணம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"கிண்ணம், நான் செத்துட்டா என் கிண்ணத்தை யாருக்குக் குடுப்பே?" என்று கேட்டார் ஒரு கிழவர்.

"முதல்ல அதுக்குள்ள சரியா துப்பப் பழகுங்க. அப்புறம் சாவறதைப் பத்திப் பேசலாம்" என்றாள் இவள். வார்டே சிரித்து இருமியது.

சபையில் அவள் பெரிய பக்திக்காரி என்று யாரும் சொன்னதில்லை. வீட்டு ஜெபக்கூட்டத்தில் முறை வந்தால், "ஆண்டவரே, எல்லாம் உமக்கே தெரியும், ஆமென்" என்று முடித்துவிடுவாள். மற்றவர்களின் ஜெபம் முடிவதற்குள் எனக்குக் கால் மரத்துப்போகும். ஆனால் திருவிருந்து ஞாயிறு என்றால் அவளுக்கு முந்தின நாளே முகம் மாறிவிடும். புடவையைத் தானே துவைத்து, தானே பெட்டி போட்டு வைப்பாள். என்னை நெருங்கவிட மாட்டாள்.

"அப்படி என்னடி அதுல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வார்டுல எல்லாருக்கும் தனித்தனி கிண்ணம்க்கா. பேரு எழுதி ஒட்டியிருக்கும். ஒருத்தரோடத இன்னொருத்தர் தொடக் கூடாது. மாசம் பூரா அதையே பாத்துட்டு இங்க வந்தா, எல்லாருக்கும் ஒரே கிண்ணம். எனக்கு அது போதும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். அதைத்தான் எங்கள் சபையார் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

தொடங்கி வைத்தவர் மருந்துக்கடையம்மா. கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார், சபைக்குச் செயலாளரும் அவரே. அம்மாவுக்கு நல்ல குரல். பாடகர் குழுவில் முதல் வரிசை. ஒரு ஞாயிறு அந்தம்மாவுக்கு என் தங்கையின் வலது பக்கம் இடம் வாய்த்தது. நான் குடித்தேன், தங்கை குடித்தாள், போதகர் துடைத்து நீட்டினார். அந்தம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, பாத்திரத்தைத் தொடுவதுபோல் பாவனை செய்துவிட்டு எழுந்துவிட்டார். விளிம்பு அவர் வாயில் படவில்லை. துணியை எடைபோடுகிற கண் என்னுடையது. தப்பாகப் பார்த்திருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் அந்தம்மா எல்லோருக்கும் முன்னால் போய் இடது கோடியில் இடம் பிடித்தார். அதற்கடுத்த மாதம் அவருடைய தோழிகளும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். என் தங்கை எந்த வரிசையில் எழுகிறாள், எங்கே முழங்காலிடுகிறாள் என்று பார்த்து, எல்லோரும் அவளுக்கு இடது பக்கமாகப் போய் நெருக்கினார்கள். கிராதியின் இடது பாதியில் தேர்த்திருவிழாக் கூட்டம் மாதிரி இடி. வலது பாதி காலி. வெளியாள் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார். நோயாளிகள் ஆசையாய் வைத்த பெயரும் எப்படியோ சபைக்குள் வந்திருந்தது. செருப்பு மாட்டும்போது என் காதில் விழுந்தது: "கிண்ணத்துக்கு அப்புறம் கிண்ணத்துல எப்படி வாய் வைக்கிறது?"

அன்று சாப்பிடும்போது என் தங்கையே பேச்சை எடுத்தாள்.

"அக்கா, இனிமே நான் கடைசியா போறேன்."

"ஏன் போகணும்? நீ என்ன திருடிட்டியா? குடிக்கிறதுல இந்த நோய் வராதுன்னு டாக்டரே சொன்னதா நீதானே சொன்னே?"

"பயம் டாக்டர் சொன்னா போயிடுமா? பாவம், அவங்க பிள்ளைகுட்டிக்காரங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "கடைசி ஆளா போனா எவ்வளவு லாபம் தெரியுமா? பாத்திரத்துல மிச்சம் வைக்கக் கூடாது. பூரா எனக்குத்தான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போதகர் வீட்டுக்குப் போனேன். அவர் நல்ல மனுஷர்தான். யாரையும் பகைத்துக்கொள்ளாத நல்ல மனுஷர்.

"அம்மா, எல்லாருக்கும் ஒரே அளவு விசுவாசம் இருக்காது. பலவீனமானவங்களை நாமதான் சுமக்கணும்."

"நாமன்னா யாருங்க ஐயா? சுமக்கிறது என் தங்கச்சி ஒருத்திதானே?"

"அவங்க மனப்பக்குவம் உள்ளவங்க. புரிஞ்சுக்குவாங்க."

பக்குவம் உள்ளவள் என்பதால் அவள் பல வருஷம் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். எல்லோரும் எழுந்துபோன கிராதியில் தனியாக முழங்காலிட்டாள். நான் அவளோடு போகிறேன் என்றபோது, "நீயும் வந்தா அது கோபமா ஆயிடும்க்கா" என்று தடுத்துவிட்டாள்.

பிறகு ஒரு காலம் மருந்துக்கடையம்மாவைப் பாடகர் குழுவில் காணவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார் செயலாளர். ஆஸ்பத்திரிக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்க நான் ஒருநாள் போனேன். அளவு சரிதானா என்று ஜன்னலில் பிடித்துப் பார்க்கும்போது, கடைசிக் கட்டிலில் அந்தம்மா. பாதியாக இளைத்திருந்தார். என் தங்கை அவர் முதுகைத் தாங்கிப் பிடித்திருக்க, அந்தம்மா எனாமல் கிண்ணத்தில் துப்பிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டார்.

"உன் அக்கா... யார்கிட்டயாவது சொல்லிடப்போறாங்க" என்றார் உள்ளிருந்தபடியே.

"அக்கா திரைதான் பாத்தாங்க, உங்களைப் பாக்கல" என்றாள் என் தங்கை.

"நீயும்..."

"நான் கிண்ணம்தானேம்மா. கிண்ணம் எங்கேயாவது பேசுமா? மூடி வேற போட்டிருக்கு."

மூன்று வாரமாக அவள் அந்தம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரே கூரைக்குக் கீழே படுக்கும் என்னிடம்கூட ஒரு வார்த்தை இல்லை. வராந்தாவுக்கு இழுத்துவந்து கேட்டேன். "உனக்குச் சூடு சொரணையே கிடையாதாடி?"

"இருக்குக்கா" என்றாள். "முதல் நாள் அவங்க கிண்ணத்தை எடுக்கும்போது தூக்கி எறியலாம்னு இருந்துச்சு. அவ்வளவு கோபம். ரெண்டு தடவை கழுவினேன்." அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை, ஊரில் யாரிடமும்.

அந்தம்மா குணமாகி, சதை பிடித்து, ஒரு முதல் ஞாயிறு கோயிலுக்கு வந்தார். மகள் வீட்டுக் கதைதான் சபை முழுக்க. எல்லோரும் கையைப் பிடித்து, "வெளியூர்த் தண்ணி ஒத்துக்கல போல" என்றார்கள். போதகர் நீண்ட ஜெபத்துக்கு எழுந்தார். செயலாளர் அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார் போலும். ஜெபம் சூடு பிடித்ததும் மனிதர் தன்னை மறந்துவிட்டார்.

"எங்கள் அன்புச் சகோதரியை, ஆண்டவரே, அந்தக் கொடிய மார்புநோயிலிருந்து, அந்த ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுப்பிக்கொண்டு வந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்!"

ஆமென் சொல்ல ஆள் இல்லை. ஜெபத்தின் நடுவிலேயே சபை முழுக்கக் கண் திறந்துவிட்டது.

திருவிருந்து வந்தது. அந்தம்மா பழக்கப்படி எழுந்து இடது கோடியில் போய் முழங்காலிட்டார். தோழிகள் எழவில்லை. செயலாளர் காணிக்கைப் பையின் சுருக்குக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவ்வளவு நீளக் கிராதியில் ஒற்றை ஆள். பின்னாலிருந்து பார்த்தபோது ரவிக்கைக்குள் அந்தம்மாவின் தோள்பட்டை நடுங்கியது தெரிந்தது. அந்த ரவிக்கை நான் தைத்ததுதான். சொன்னால் என்ன, எனக்குத் திருப்தியாக இருந்தது. படட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

போதகர் பாத்திரத்தோடு அந்தம்மாவிடம் வரும்போது, கடைசி வரிசையில் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. என் தங்கை நடு வழியாக நடந்துவந்தாள். இவ்வளவு இடம் காலியாகக் கிடக்க, அந்தம்மாவின் வலது பக்கத்தில் தோள் இடிக்க முழங்காலிட்டாள். அந்தம்மா குடித்தார். போதகர் துடைப்பதற்குத் துணியை எடுப்பதற்குள் இவள் பாத்திரத்தைக் கையில் வாங்கி, அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தாள்.

அதற்குப் பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. போய் அவளுக்கு அடுத்த இடத்தில் முழங்காலிட்டேன். அவளுக்காகத்தான் போனேன், அந்தம்மாவுக்காக இல்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் தோள் என் மேல் பட்டது. இந்த முறை அவள் குடித்த பிறகு நான் குடித்தேன். நாலாவது ஆள் வரவில்லை. நாங்கள் மூவரும் எழுந்து போன பிறகுதான் மற்றவர்கள், புது வரிசையாக, மெல்ல வந்தார்கள்.

அந்தம்மா பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறினார். என் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு தலையசைப்புகூட இல்லை.

அடுத்த மாதம் சபைக் கமிட்டி கூடியது. ஒரே பாத்திரம் இந்தக் காலத்துக்குச் சுகாதாரம் அல்ல என்று எல்லோரும் ஒருமனதாகச் சொன்னார்கள். தன் மனைவி சுகமானதற்கு நன்றிக் காணிக்கையாகச் செயலாளர் சின்னஞ்சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் வாங்கிக் கொடுத்தார். ஆளுக்கு ஒன்று. குடித்துவிட்டு வைப்பதற்குக் கிராதியில் வரிசையாகக் குழியும் வெட்டியாகிவிட்டது. வெள்ளிப் பாத்திரம் பின்னறை அலமாரிக்குப் போனது.

"இத்தனையையும் யார் கழுவுறது?" என்று ஒருவர் கேட்டாராம். செயலாளர் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார்: "கிண்ணம் கழுவிப் பழக்கமானவங்க நம்ம சபையிலேயே இருக்காங்களே."

அவள் சரி என்றாள். அன்று நாங்கள் போட்ட சண்டை தெருமுனை வரை கேட்டிருக்கும். கத்தியது நான் மட்டும்தான்.

புதுக் கிண்ணங்கள் வந்த முதல் ஞாயிறு, போதகர் முகம் மலர்ந்து அவளிடம் வந்தார். "இப்ப சந்தோஷம்தானே? இனிமே நீங்க எங்க வேணும்னாலும் முழங்கால் போடலாம், யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

"வார்டு மாதிரியே ஆயிடுச்சுங்க ஐயா" என்றாள் அவள். "பேரு மட்டும் எழுதி ஒட்டணும்."

நல்ல நகைச்சுவை என்று அவர் சிரித்துவிட்டுப் போனார்.

ஆராதனை முடிந்ததும் பின்னறையில் அவள் கழுவுவாள், நான் துடைப்பேன். நான் தைத்த வெள்ளைத் துணிக்கு இப்போது வேறு வேலை இல்லை, அதனால்தான் துடைக்கிறேன். கிண்ணங்களைக் கிராதியிலிருந்து எடுத்துவருவதும் நான்தான். முதல் மாதமே கவனித்தேன். மருந்துக்கடையம்மா முழங்காலிடும் இடது கோடிக் குழியில் இருந்த கிண்ணம் நிரம்பியபடியே இருந்தது. மறந்திருப்பார் என்று நினைத்தேன். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதமும்.

"பாத்தியாடி? அவங்க காசுல வாங்கின கிண்ணம். நீ கழுவினதுன்னு அவங்களே வாய் வைக்கல. அவங்க எச்சிலைக் கழுவின கைன்னு அவங்களுக்குத் தெரியும்ல!"

"தொண்டை சரியில்லையோ என்னவோ."

"தொண்டைக்கு என்ன? பாட்டுல அவங்க குரல்தான் மேல நிக்குது."

என் தங்கை வெந்நீரில் கை விட்டபடி நின்றாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று சுருங்கி அடங்கியதைப் பார்த்தேன். கோபம் பொறுக்காமல் கிண்ணத்தைத் தொட்டியில் கொட்டப்போனேன். ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"மிச்சம் வைக்கக் கூடாதுக்கா."

என் கையிலிருந்து அதை வாங்கிக் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கிண்ணத்தையும் மற்றவற்றோடு வெந்நீரில் போட்டாள். கழுவினாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், திருப்தி இல்லாமல் இன்னொரு முறை கழுவினாள். இன்றுவரை மாதாமாதம் அந்த ஒரு கிண்ணம் நிரம்பித்தான் வருகிறது. அவள் குடிக்கிறாள். நான் துடைத்து வைக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.