பூனைகள் வந்த மாடி

நேற்று பால்கனியில் சுருண்டு நின்ற மிளகாய்ச் செடிக்கென்று மனைவி ஒரு பாட்டில் உரம் வரவழைத்திருந்தாள். மூடியைத் திறந்ததும் வெல்லமும் மீனும் சேர்ந்து புளித்த வாடை. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அது கரமனை வாசனை.

கல்யாணத்துக்கு முன்னால் தம்பானூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடும் வேலை. குடியிருந்தது கரமனை அக்கிரகாரத்தில், ஒரு வீட்டின் மாடி அறை. வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுவேன். அறை தரும்போது மாமி போட்ட நிபந்தனை ஒன்றுதான். "மீன், முட்டை ஒண்ணும் இந்த ஆத்துக்குள்ளே வரப்டாது, கேட்டியோ." நாகர்கோவில்காரனிடம் இப்படிச் சொல்வது கொஞ்சம் கொடுமை. ஆனால் அந்த வாடகைக்கு வேறு அறை கிடைக்காது. மீனை எல்லாம் தம்பானூரிலேயே முடித்துக்கொண்டு, வாய் கொப்பளித்துவிட்டு நல்ல பிள்ளையாக பஸ் ஏறுவேன்.

என் அறைக்கு வெளியே மாமியின் தோட்டம். இருபது குரோபேக் பைகளில் கத்தரி, வெண்டை, தக்காளி, பயறு. மகளின் பிரசவத்துக்காக மாமி பெங்களூர் போனபோது அது மாமாவின் பொறுப்பாயிற்று. மாமாவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் தண்ணீர். காலையும் மாலையும், மழை பெய்தாலும் ஊற்றினார். இரண்டே மாதத்தில் இலையெல்லாம் மஞ்சள். மாமி வீடியோ காலில் கேட்டால், பக்கத்து வீட்டு மாடிச் செடிகளைக் காட்டி ஒப்பேற்றினார்.

"அவள் அடுத்த மாசம் வராளாக்கும். இதைப் பார்த்தா அவளுக்குத் தாங்காதுடா," என்றார் ஒருநாள். எனக்கும் கஷ்டமாகிவிட்டது.

முதலில் தண்ணீரை நிறுத்தினேன். பைகளின் அடியில் அடைத்துக்கொண்டிருந்த ஓட்டைகளைக் கம்பியால் குத்திவிட்டேன். பழுத்த இலைகளைக் கிள்ளினேன். செடிகள் சாகாமல் நின்றன, அவ்வளவுதான். ஆபீசில் என்னோடு வேலை பார்த்த சாபுவிடம் சொன்னேன். "மத்தியும் வெல்லச் சர்க்கரையும் ஊற வெச்சது எங்க வீட்டில உண்டு அண்ணா. ஒரு ஸ்பூன் தண்ணியில கலக்கி ஊத்தினா போதும்," என்றான். மறுநாள் பாட்டிலோடு வந்தான். மத்தி மீன், மாமி வீட்டு மாடிக்கு.

மாமா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து ஊற்றினேன். சரியாகப் புளிக்காத சரக்கு போலும், வாடை லேசில் போகவில்லை. ஆனால் பத்து நாளில் துளிர்த்தது. வாரம் ஒரு தடவை ஊற்றிவந்தேன். வெண்டை காய்த்தே விட்டது. மாமா ஒவ்வொரு பையாகக் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார்.

மாமி வந்ததும் நேராக மாடிக்குத்தான் ஏறினார். முந்தின நாள்தான் ஊற்றியிருந்தேன். நாலு தெருப் பூனைகள் பைகளைச் சுற்றி நின்று மண்ணை நக்கிக்கொண்டிருந்தன. மாமி ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மனதுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

"நானாக்கும் விட்டேன்," என்றார் பின்னாலேயே ஏறி வந்த மாமா. "சாலை மார்க்கெட்டிலேர்ந்து மத்தி வாங்கிண்டு வந்தேன். வேற வழி தெரியலை."

மத்திக்கும் அயிலைக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷர். மாமி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குளிச்சேளோ?"

"குளிச்சேன்."

மாமி வெண்டைக்காயைப் பறிக்க ஆரம்பித்தார்.

அதன்பிறகு எந்த விசேஷ வீட்டிலும் மாமிக்கு இதே பேச்சு. "என் செடி வாடறதைப் பார்க்க மாட்டாம எங்காத்துக்காரர் மீன் சந்தைக்கே போயிட்டார்." உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன். "இருக்கட்டும்டா. நாப்பது வருஷத்தில அவள் என்னைப் பத்திப் பெருமையா சொல்றது இதொண்ணுதான்," என்றார்.

மாமா காலமாகி மூன்று வருஷம். மாமி போன வருஷம். வீட்டை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். தெருவில் தெரிந்த முகம் ஒன்றுமில்லை. போன மாதம் ரயில்வே ஸ்டேஷனில் அவர்கள் மகளைப் பார்த்தேன். "அம்மாவுக்காக அப்பா மத்தி வாங்கிண்டு வந்தாராமே, நீங்க அப்போ மாடியில இருந்தேளோல்யோ?" என்று கேட்டாள்.

"இருந்தேன்," என்றேன். "மீன் பையோட படி ஏறி வந்ததை நானே பாத்தேன்."