பொண்ணா பொறந்தா இன்னா பண்ணுவீங்க?

“கல்யாணம் ஆவாத பொண்ணுக்கு எதுக்கு செக்கிங்?”

போன மாதம், ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், லைன் முழுக்கக் கேட்கும்படி சூப்பர்வைசர் கேட்ட கேள்வி இது.

வெளியாட்களுக்குப் புரியாது. சொல்கிறேன். ஷூவின் பாகங்களை ஒட்டுகிற பேஸ்டிங் பிரிவில் சொல்யூஷன் வாடை மண்டையைப் பிளக்கும். அதனால் கர்ப்பமான பெண்களை, ஷூவைச் சரிபார்க்கிற செக்கிங் டேபிளுக்கு மாற்றிவிடுவது அங்கே வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் பேஸ்டிங் பெண் ஒருத்தி செக்கிங் கேட்டாலே போதும்... வளைகாப்பு எப்போ என்று பக்கத்து லைன் கேட்கும்!

மாலா – பெயரை மாற்றியிருக்கிறேன் – என் தெருக்காரி, பள்ளித் தோழி. ப்ளஸ் டூவோடு கம்பெனி பஸ் ஏறிவிட்டாள். வாந்தியை அடக்கிக்கொண்டு சொல்யூஷன் தடவியவள், வாயைத் திறந்து எதையும் கேட்கவில்லை. பக்கத்து சீட் அக்காதான் மனசு தாங்காமல், “சார், இவளுக்கு முடியல... செக்கிங்ல போடுங்க” என்று போய்ச் சொல்லிவிட்டார். பாவம், அக்கறைதான். அந்த அக்கறை சாயங்கால பஸ் பிடித்து, மாலாவுக்கு முன்பே அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

சூப்பர்வைசரின் கேள்விக்கு மாலா எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? பதில் அவனுக்கே தெரியும். கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று அவளோடு சுற்றியவனே அவன்தான்! இப்போது அவனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. லைன் மொத்தமும் பிரியாணி சாப்பிட்டது. மாலாவும் சாப்பிட்டாள். சாப்பிடாவிட்டால் ஏன் என்று கேட்பார்களே...

அந்த ஞாயிறு மாலா வீட்டில் பஞ்சாயத்து. நானும் போயிருந்தேன். கலவை என்கிற ஊரிலிருந்து அவளுடைய பெரியம்மா வந்திருந்தார். அவர் மருமகளுக்குக் குழந்தை இல்லை. கையோடு ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தார். பிரசவம் வரை மாலா கலவையில் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். மருமகளும் வெளியே தலைகாட்ட மாட்டாள். பிறந்ததும் அது மருமகள் பெற்ற பிள்ளை!

“கலைக்கறது பாவம்டி. இது குடும்பத்துக்குள்ளயே இருக்கும். மானமும் போவாது,” என்றார் பெரியம்மா.

“ஒத்துக்கடி. கால்ல வேணா உழறேன்,” என்றார் மாலாவின் அம்மா.

மாலா என்னைப் பார்த்தாள். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தத் தெம்பில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கலைப்பதென்றால் இப்போதே அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம், சட்டம் இடம் தருகிறது. பெற்றுக் கொடுப்பதென்றால் முறைப்படி அரசிடம் ஒப்படைக்கலாம், அவர்களே தத்துக் கொடுப்பார்கள். வீட்டுக்குள்ளேயே ரகசியமாகக் கைமாற்றுவதற்குப் பெயர் தத்து இல்லை.

“பெரிய ஜட்ஜம்மா! உன்ன யாரு கேட்டா?” – பெரியம்மா.

மாலா மெதுவாகப் பேசினாள். “கவர்மெண்டுல குடுத்தா, பஸ் ஸ்டாண்டுல பாக்குற ஒவ்வொரு புள்ளயும் என்னுதோன்னு இருக்கும். கலவைல குடுத்தா, என் கண்ணெதிர்லயே என்னை அத்தைன்னு கூப்புடும். ஆனா, உசுரோட இருக்கும்ல...”

பிறகு கேட்டாள்: “பெரிம்மா, பொண்ணா பொறந்தா இன்னா பண்ணுவீங்க?”

“பையன்னா ராஜா மாதிரி வளப்போம். பொண்ணுன்னா... பாப்போம்.”

“இன்னா பாப்பீங்க?”

“ஏண்டி பேஜார் பண்ற? அப்போ பாப்போம்!”

பாப்போம். அதற்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மறுநாள் காலை என்னைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். “வீட்டுக்காரர் வரலியா?” என்றார் நர்ஸ். டாக்டரம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. என்னையும் வெளியே அனுப்பிவிட்டு, “அவங்க இவங்க சொன்னதெல்லாம் உடு. உனக்கு இன்னா வேணும்?” என்று கேட்டாராம். இத்தனை களேபரத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி!

“எனக்கு இது வேணாம்,” என்றாளாம் மாலா.

எல்லாம் முடிந்து வெளியே வந்தவள், பசிக்கிறது என்றாள். இட்லி வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டாள். அழுகை வர இரண்டு நாள் ஆனது. அழுதது வருத்தத்திலா, நிம்மதியிலா? நான் கேட்கவில்லை. அவளுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

இப்போது வேலைக்குப் போகிறாள். அவனும் அதே லைனில்தான் நிற்கிறான். பெரியம்மா போன் போட்டு மாலாவைக் கொலைகாரி என்கிறார். அவனை என்ன சொல்கிறார் என்கிறீர்களா? அவன் பெயரையே இன்னும் யாரும் கேட்கவில்லை!

நேற்று மாலாவின் அம்மா தெருவில் என்னை மடக்கினார். “நீதானே அவளுக்குச் சொல்லிக் குடுத்த? படிச்ச திமிரு!”

“இல்ல அத்தை, அது அவளே எடுத்த முடிவு,” என்றேன். நம்பவில்லை. என் படிப்பில் எனக்குப் பெருமை ஜாஸ்திதான். ஆனால் மாலாவின் தைரியத்தை என் கணக்கில் எழுத எனக்கு இஷ்டமில்லை.

எங்கள் ஊரில், ஒரு பெண் ஏமாந்துபோனால் அது அவள் புத்தி. அவளே ஒரு முடிவெடுத்தால்... அது யாரோ சொல்லிக் கொடுத்த புத்தி!