எங்கள் ரூமுக்குள் இருந்த டேங்க் மூடி

பினாயில் ஊற்றினோம், ஊதுபத்தி கொளுத்தினோம்… அந்த நாற்றம் எதற்கும் அசையவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வரிசை வீடு. அதில் ஒரு ரூமில் நாங்கள் நாலு பேர், தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள். ஆளுக்கொரு ஷிஃப்ட். ஒருத்தி குளித்துக் கிளம்பும்போது இன்னொருத்தி போர்வைக்குள் இருப்பாள்.

ஒருநாள் கக்கூஸில் தண்ணீர் இறங்காமல் மேலே வந்தது. செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. அதை உறிஞ்ச லாரியும் வந்து நின்றது… டேங்க் மூடியைத்தான் காணோம்.

ஹவுஸ் ஓனர் அக்கா தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். வாடகைக்கு ஆள் குவிந்த நேரத்தில் டேங்க் மேலேயே இன்னொரு ரூம் கட்டி, டைல்ஸும் ஒட்டிவிட்டிருக்கிறார். அந்த ரூம் எங்களுடையது. ஆசை யாரை விட்டது…

"இன்னாமா பண்றது, மூடி உங்க ரூமுக்கு அடியிலதான் கீது. ஒடச்சே ஆவணும். நீங்க வேற வூடு பாத்துக்கோங்க."

நாலு பேருக்கும் சேர்ந்தாற்போல் அப்போது எங்கே இடம் கிடைக்கும்? ஆளுக்கொரு ஹாஸ்டலாகச் சிதற வேண்டியதுதான்.

எங்களில் வாய்த்துடுக்கானவள் தூத்துக்குடிக்காரி செல்வி.

"ஒடைங்கக்கா. அது மேல ஒரு இரும்பு மூடி போட்டுத் தாங்க. லாரி வார அன்னைக்கு பாயச் சுருட்டிட்டு நாங்க வெளிய இருந்துக்கிடுதோம். ரூம மட்டும் விட மாட்டோம்."

"அந்த நாத்தத்துலயா இருப்பீங்கோ?" என்றார் அக்கா.

இருந்தோம்.

அதற்குப் பிறகு லாரியை ஞாயிற்றுக்கிழமைதான் வரச் சொல்வோம். அன்றைக்குத்தான் நாலு பேருக்கும் லீவு. ஜன்னல் வழியாக ஹோஸ் உள்ளே போகும். நாங்கள் எதிர்ச் சுவரோரம் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறு கையில் பஜ்ஜியோடு சிரித்துக்கொண்டிருப்போம். லாரி போய் வெகுநேரம் ஆனாலும் எழுந்திருக்க மனசு வராது.

இப்போது நான் குடும்பத்தோடு பக்கத்திலேயே தண்டலத்தில் இருக்கிறேன். மற்ற மூவரும் ஊர்ப்பக்கம் போய்விட்டார்கள். சமீபத்தில் அக்காவுக்குப் போன் பண்ணினேன். தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் போட்டு, வீட்டுக்கு வீடு கனெக்‌ஷன் கொடுத்துவிட்டார்களாம். அடைத்துக்கொண்டால் மெஷின் வந்து தெருவிலேயே சுத்தம் பண்ணிவிடுகிறதாம்.

"டேங்க மண்ணு கொட்டி மூடிட்டேம்மா. உங்க ரூம்ல இப்ப வேற நாலு பொண்ணுங்க கீறாங்க. ஒரு தொல்லையும் இல்ல."

நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அந்த நாற்றத்தில் இனி யாரும் படுக்க வேண்டாம்.

"ஞாயித்துக்கிழமையாச்சும் நாலும் ஒண்ணா இருக்குதுவளாக்கா?" என்று கேட்டேன்.

"எங்கமா… ஆளுக்கு ஒரு பக்கம் ஓவர்டைமுக்கு ஓடுதுங்க."