பச்சை மணிமாலை

மகள் நெயில் பாலிஷ் புட்டியைத் திறந்தாள். அந்த வாடை என்னை, எப்போதோ இடித்துவிட்ட அமெரிக்காவில், கேட்டி என்ற ஊரில் இருந்த எங்கள் அபார்ட்மெண்டின் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுபோனது. சனிக்கிழமைகளில் அங்கே, துணி காயவைக்கும் ட்ரையர் உருளும் சத்தத்துக்கு நடுவே, அம்மா தன் அம்மாவின் கல்யாணப் போட்டோவைச் சாய்த்து வைத்து, அதிலிருக்கும் மாலையைப் பார்த்துப் பார்த்துப் பச்சை மணிகளை நைலான் நரம்பில் கோத்து, முடிச்சு அவிழாமலிருக்க நெயில் பாலிஷ் தொட்டு வைத்து, அது காய ஊதிக்கொண்டிருப்பாள்.

அசல் மாலையை விற்றபோது அம்மா கைக்குழந்தை. கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பெரியம்மாவுக்கு அது நினைவிருந்தது.

“அது பவளம்டி. செவப்பு.”

போட்டோ கறுப்பு வெள்ளை.

“எனக்கு எப்பவும் பச்சையாத்தான் தெரிஞ்சுதுக்கா” என்றாள் அம்மா, கோப்பதை நிறுத்தாமல்.

ஊருக்குக் கிளம்பிய அன்று, ஏர்போர்ட்டில் பெரியம்மாவின் கழுத்தில் கிடந்தது அம்மா கோத்த பச்சை மாலை.